நின்றுகொண்டே தீரும் பேட்டரி

2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியபோது, தமிழ்நாட்டின் கார்கள் வீட்டு வாசல்களிலும் அடுக்குமாடிகளின் அடித்தளங்களிலும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும் என்ற விதி ஆகஸ்ட் முடியும் வரை இருந்தது. இடையில் ஏதோ அவசரத்துக்கு வண்டியை எடுக்கப் போய்ச் சாவியைத் திருப்பியவர்களில் பலருக்கு 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டது. செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி இறங்கிப் போயிருந்தது.

ஊரடங்கு போய்விட்டது. நிற்கும் கார்கள் அப்படியே இருக்கின்றன. வீட்டிலிருந்தே வேலை செய்பவரின் கார், மாதம் ஒருமுறை கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ மட்டும் கிளம்பும் கார், துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரில் விட்டுப்போன கார் என்று தெருவுக்கு ஒன்றிரண்டு நிற்கின்றன. "அப்பா, வாரம் ஒரு தடவ வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் ஓட விடுங்க" என்று போனில் சொல்லும் மகன்களும், அதை வாரம் தவறாமல் செய்யும் அப்பாக்களும் நம் ஊரில் நிறைய. அவ்வளவு அக்கறையோடு செய்யும் அந்தக் காரியம் பேட்டரியைக் காப்பாற்றுவதில்லை. பேட்டரி கேட்பது மணிக்கணக்கான நேரம். பத்து நிமிடத்தில் அதற்கு ஆகப்போவது மிகக் குறைவு. இதற்கான காரணம் தகடுகளுக்குள் இருக்கிறது.

சாதாரண 12 வோல்ட் கார் பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொரு அறையிலும் ஈயத் தகடுகள், ஈய டை ஆக்சைடு பூசிய தகடுகள், அவை மூழ்கியிருக்கும் நீர்த்த கந்தக அமிலம். ஒரு அறை ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். ஆறும் வரிசையாகச் சேர்ந்தால் 12.6. பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே 1859-இல் இரண்டு ஈயத் தாள்களைச் சுருட்டி அமிலத்தில் வைத்துச் செய்த சேமிப்புக் கலம்தான் இதன் மூதாதை. 1881-இல் கமீல் ஃபோர் ஈயப் பசையைத் தகட்டில் அப்பும் முறையைக் கொண்டுவந்த பிறகு அது தொழிற்சாலைப் பொருளானது. கார்களை மின்சாரத்தால் கிளப்பும் செல்ஃப் ஸ்டார்ட்டரை சார்லஸ் கெட்டரிங் உருவாக்க, 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் அது வந்தது. அதுவரை கையால் கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அதன் பிறகு ஈய பேட்டரி காரை விட்டு இறங்கவே இல்லை.

இத்தனை பழைய பொருளுக்குள் ஓர் ஆச்சரியம் ஒளிந்திருந்தது 2011-இல்தான் தெரியவந்தது. ஈயத்தின் அணு எண் 82. அவ்வளவு கனமான அணுக்கருவுக்கு மிக அருகே இருக்கும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் சுமார் 60 சதவீத வேகத்தில் இயங்குகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியலைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. ஸ்வீடனின் உப்சாலா, பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டு, 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஓர் அறையின் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியல் விளைவால் மட்டுமே வருகிறது. தனிம அட்டவணையில் ஈயத்துக்கு நேர் மேலே இருக்கும் வெள்ளீயத்தில் இப்படி ஒரு பேட்டரி செய்ய முடியாமல் போனதன் காரணமும் இதுதான். காலையில் கார் கிளம்புவதில் ஐன்ஸ்டைனுக்குப் பெரும் பங்கு இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

இனி சிக்கலுக்கு வருவோம். பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. அமிலத்தில் இருந்த கந்தகப் பகுதி தகட்டில் ஏற, அமிலம் தண்ணீராகிக்கொண்டே போகிறது. முழுச் சார்ஜில் 1.28-ஐ ஒட்டியிருக்கும் அமிலத்தின் ஒப்படர்த்தி, முழுக்க இறங்கிய நிலையில் 1.12 அளவுக்கு வந்துவிடும். சார்ஜ் ஏற்றும்போது இதெல்லாம் தலைகீழாக நடக்கிறது. சல்பேட் கரைந்து தகடு பழையபடி ஈயமாகவும் ஈய டை ஆக்சைடாகவும் மாறுகிறது, அமிலம் அடர்த்தி பெறுகிறது.

புதிதாகப் படிந்த சல்பேட் மிக நுண்ணிய துகள்களாக இருக்கும், சீக்கிரம் கரையும். ஆனால் பேட்டரியைப் பாதிச் சார்ஜில் அப்படியே விட்டுவிட்டால், சின்னத் துகள்கள் மெல்லக் கரைந்து பெரிய துகள்களின் மேல் போய்ப் படிகின்றன. பனங்கற்கண்டு விளைவதை இதற்கு ஒப்பிடலாம். காய்ச்சிய பதநீர்ப் பாகைப் பானையில் நூல் கட்டி, அசைக்காமல் பல வாரம் வைத்தால் கல் கல்லாகத் திரள்கிறது அல்லவா? அதுபோலத் தகட்டின் மேல் சல்பேட் படிகங்கள் பருத்து இறுகுகின்றன. பெரிய படிகத்துக்கு அதன் கனஅளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவு, மின்சாரமும் அதற்குள் பாயாது. எனவே சார்ஜரில் போட்டாலும் கரைய மறுக்கிறது. அந்த இடத்தில் இருந்த ஈயம் இனி வேலைக்கு இல்லை. மெக்கானிக்குகள் 'பிளேட் சல்பேட் ஆயிடுச்சு' என்பது இதைத்தான். நிற்கும் காரின் பேட்டரியைக் கொல்வது அதிலிருந்து செலவான மின்சாரமில்லை. செலவான நிலையிலேயே அது கழித்த நாட்கள்.

ஓடாத காரில் மின்சாரத்தைச் செலவழிப்பது யார்? முதல் ஆள் பேட்டரியேதான். எதனோடும் இணைக்காமல் வைத்தாலும் உள்ளே மெதுவான வேதிவினைகள் நடந்துகொண்டிருக்கும். கால்சியம் கலந்த ஈயத்தில் செய்யும் இன்றைய பராமரிப்பில்லா பேட்டரிகள் 25 டிகிரி வெப்பத்தில் மாதத்துக்கு 3 முதல் 5 சதவீதம் தாமாக இழக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கத்திரி வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ வெட்டவெளியில் நிற்கும் காரை நினைத்துப் பாருங்கள். குளிர் நாடுகளில் பேட்டரிகள் பனிக்காலத்தில் படுக்கின்றன என்றால், நம் ஊரில் அவற்றின் ஆயுளை வெயில் அரித்துக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது ஆள் கார். பூட்டிவிட்டுப் போனாலும் இன்றைய கார் முழுக்க அணைவதில்லை. சாவியின் ரேடியோ சைகைக்காகக் காத்திருக்கும் ரிசீவர், திருட்டு அலாரம், கடிகாரம், எஞ்சின் கணினியின் நினைவகம் எல்லாம் சேர்ந்து சொட்டுச் சொட்டாக எடுத்துக்கொண்டிருக்கும். ஆரோக்கியமான காரில் இது 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 30 என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி. பேட்டரியின் சொந்த இழப்பையும் சேர்த்தால் 0.8. நம் சிறிய கார்கள் பலவற்றில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. மூன்று வாரத்தில் பாதி போய்விடும். பாதிக்குக் கீழே போனால் எஞ்சின் கிளம்புவது சந்தேகம். மூன்று நான்கு வருடம் ஆன பேட்டரியில் உண்மையில் மிஞ்சியிருப்பது 20 ஆம்பியர்-மணியாகக்கூட இருக்கலாம். அதற்கு இரண்டு வாரமே அதிகம்.

பிறகு நாமாக மாட்டிய சாமான்கள். பார்க்கிங்கிலும் பதிவு செய்யும் டேஷ்கேமராவோ, வெளியே வாங்கிப் பொருத்திய ஜிபிஎஸ் டிராக்கரோ கூடுதலாக 200 மில்லிஆம்பியர் எடுத்தால், அதே பேட்டரி மூன்று நான்கு நாளில் பாதியாகிவிடும். வண்டியைத் துடைப்பதற்காகக் கதவைத் திறந்தாலும் உறங்கிய கணினிகள் எழுந்து சில ஆம்பியர் எடுக்கும். அவை மறுபடி உறங்கக் கால்மணி, அரைமணி ஆகும். சாவியில்லாமல் பட்டனை அழுத்திக் கிளப்பும் சில கார்களில், சாவியை வண்டிக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டி வைத்தாலே கார் விழித்தபடி இருக்கும்.

இப்போது அந்தப் பத்து நிமிடத்துக்கு வருவோம். ஸ்டார்ட் செய்வதற்கே பெரும்பகுதி சார்ஜ் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. சிறிய பெட்ரோல் எஞ்சினைக் கிளப்ப 150 ஆம்பியர் இரண்டு விநாடிக்குத் தேவை என்று வைத்தால், செலவு 0.083 ஆம்பியர்-மணிதான். பூட்டி வைத்த கார் உறக்கத்தில் மூன்று மணிநேரத்துக்குள் இதே அளவைத் தின்றுவிடுகிறது. ஸ்டார்ட்டர் கேட்பது பெரிய வேகம், சிறிய அளவு. அப்படியானால் பத்து நிமிட ஓட்டம் ஏன் போதவில்லை?

ஏனென்றால் எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் எவ்வளவு கொடுத்தாலும் பேட்டரி தன்னால் முடிந்ததைத்தான் வாங்கிக்கொள்ளும். தகடு என்பது பஞ்சு போன்ற நுண்துளைகள் நிறைந்த பொருள். சல்பேட் முதலில் கரைய வேண்டும். கரைந்த அயனிகள் அந்தத் துளைகள் வழியே நகர வேண்டும். உருவாகும் அமிலம் வெளியே கலக்க வேண்டும். மேற்பரப்பில் இருப்பவை சீக்கிரம் மாறிவிடும். ஆழத்தில் இருப்பவை தாமதமாகும். ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிலையாக நிற்க, பேட்டரி நிறைய நிறைய அது வாங்கும் ஆம்பியர் குறைந்துகொண்டே வரும். கடைசி 20 சதவீதத்துக்கு, அதற்கு முந்தைய 80-க்கு ஆன நேரமே ஆகலாம். அந்த நேரத்தை எந்த எஞ்சினாலும் சுருக்க முடியாது.

முக்கால் பங்குக்கு மேல் சார்ஜ் இருக்கும் சிறிய பேட்டரி ஐந்தாறு ஆம்பியர் வாங்குகிறது என்று கொண்டால், பத்து நிமிடத்தில் 1 ஆம்பியர்-மணி வரவு. அந்த வாரச் செலவு 5.6. அடுத்த வாரமும் அதே பற்றாக்குறை. பேட்டரி இறங்க இறங்க அதன் பசி கூடுகிறது. பாதி நிலையில் முன்னைவிடப் பல மடங்கு வாங்கும். அப்போது பத்து நிமிட வரவும் ஒரு வாரச் செலவும் ஏறக்குறையச் சமமாகிவிடும். ஆகவே வண்டி வாரா வாரம் கிளம்பும். அப்பாவுக்கும் மகனுக்கும் திருப்தி. பேட்டரியோ பாதிச் சார்ஜில் நிலைகொண்டு, மாதக்கணக்கில் அங்கேயே இருந்து, சல்பேட் படிகங்களை வளர்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள் திடீரென்று படுக்கும்போது, 'வாராவாரம் ஸ்டார்ட் பண்ணிட்டுத்தானே இருந்தோம்' என்ற கேள்வி வரும். இந்த வழக்கத்தில் எனக்குள்ள வருத்தமே இதுதான்: பேட்டரி நலமாக இருப்பதாக அது நம்ப வைத்துவிடுகிறது.

எஞ்சினுக்கும் இதில் நன்மை இல்லை. முழுச் சூடு ஏறாமல் அணைத்தால் எரிதலில் உருவான நீராவி எண்ணெயிலும் சைலன்சரிலும் நீராகத் தங்கிவிடும்.

வாரம் ஒருமுறை எடுக்கத்தான் போகிறோம் என்றால், ஒரு மணிநேரம் சாலையில் ஓட்டுங்கள். டயர், பிரேக், எண்ணெய் எல்லாவற்றுக்கும் அது நல்லது. ஓட்டத்தின் குலுக்கலில், அடியில் தங்கிய அடர்ந்த அமிலமும் கொஞ்சம் கலக்கும். ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு இரண்டு வழிகள்தான் உருப்படியானவை.

ஒன்று, தானாக நிலைமாறும் சார்ஜர். கடைகளில் ஸ்மார்ட் சார்ஜர் என்று கேட்டால் தருவார்கள். முதலில் அது 3 அல்லது 4 ஆம்பியரை நிலையாகச் செலுத்தும். மின்னழுத்தம் 14.4-ஐத் தொட்டதும் அங்கேயே பிடித்துக்கொண்டு ஆம்பியரைக் குறையவிடும். தகடுகளின் ஆழம் நிரம்புவது இந்தக் கட்டத்தில்தான். பிறகு 13.5 வோல்ட்டை ஒட்டி இறங்கி, இழப்பை மட்டும் ஈடுசெய்தபடி இருக்கும். பாதி இறங்கிய பேட்டரிக்கு ஓர் இரவு தேவைப்படும். முழுதாக ஏறிய பின் மாதக்கணக்கில் இணைத்தே வைக்கலாம். அப்போது அது இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் கொண்ட பழைய மலிவு சார்ஜர்களை அப்படி விட்டுவிடக் கூடாது. அவற்றுக்கு நிறுத்தத் தெரியாது. 14.4-க்கு மேல் போகப் போகத் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறும். தண்ணீர் ஊற்ற மூடியில்லாத பேட்டரியில் அந்த இழப்பை ஈடுகட்ட வழியே கிடையாது. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். எந்தச் சார்ஜரானாலும் காற்றோட்டமான இடம் வேண்டும், சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பை மாட்டவோ கழற்றவோ வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி கரண்ட் போகும்போதெல்லாம் இறங்கி ஏறுகிறதே, கார் பேட்டரிக்கு மட்டும் ஏன் இத்தனை செல்லம் என்று கேட்கலாம். இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியில் தகடுகள் தடிமனானவை. ஆழமாக இறங்கி ஏறவே செய்யப்பட்டவை. அதோடு கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் அது சார்ஜிலேயே இருக்கிறது. கார் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். நொடியில் பெரும் ஆம்பியரை வீசுவதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஒரு சில தடவை முழுக்க இறங்கினாலே அதன் ஆயுளில் பெரும்பகுதி போய்விடும்.

அடித்தளப் பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இல்லாதவர்களுக்கு இரண்டாவது வழி: பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு, மைனஸ் கம்பியைக் கழற்றி வைப்பது. பெரும்பாலான கார்களில் 10 நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். காரின் உறக்கச் செலவு அடியோடு நின்றுவிடும். பேட்டரியின் சொந்த இழப்பு மட்டும் மிஞ்சும். நல்ல பேட்டரி மூன்று மாதம் கழித்தும் முக்கால் பங்குக்குக் குறையாமல் இருக்கும். எப்போதும் மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். காரின் உடல் முழுவதும் மைனஸோடு இணைந்திருப்பதால், பிளஸை முதலில் தொடும் ஸ்பேனர் தவறி உடலில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனரே பழுத்துவிடும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிடாதீர்கள். பேட்டரி டிக்கியில் இருக்கும் காரானால், மின்சாரம் இல்லாமல் டிக்கி திறக்குமா என்று பார்த்துக்கொண்டு மூடுங்கள். திரும்ப மாட்டும்போது கடிகாரம், கண்ணாடி ஏற்றும் பட்டன் போன்றவற்றைப் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும். கழற்றிய பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் செய்வதானால் நிமிர்த்தியபடியே தூக்குங்கள். படுக்கையறையில் வைக்காமல் குழந்தைகள் எட்டாத பால்கனியில் வையுங்கள்.

வெயிலில் நிற்கும் காருக்கு 10 வாட் சூரியத் தகடும் உதவும். நல்ல வெயிலில் அரை ஆம்பியருக்குச் சற்று மேலே தரும். நாளின் செலவை ஈடுகட்ட அது தாராளம். இரவில் மின்சாரம் தகட்டுக்கே திரும்பி ஓடாமலிருக்கத் தடுப்பு டயோடு வேண்டும், சார்ஜ் கன்ட்ரோலர் இருந்தால் இன்னும் நல்லது. பல கார்களில் சாவியை எடுத்ததும் 12 வோல்ட் சாக்கெட் துண்டிக்கப்பட்டுவிடும் என்பதால், அதில் செருகினால் ஒன்றும் ஏறாது.

சிக்னலில் தானாக அணைந்து கிளம்பும் வசதியுள்ள கார்களில் இருப்பது வேறு வகை பேட்டரி. ஏஜிஎம் வகையென்றால் அதற்குரிய அமைப்பு சார்ஜரில் இருக்க வேண்டும். மைனஸ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்து, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக்கொண்டிருக்கும். சார்ஜரின் மைனஸ் கிளிப்பைப் பேட்டரி முனையில் மாட்டினால் அது எண்ணாமல் விட்டுவிடும். கார் தயாரிப்பாளர் காட்டியிருக்கும் உலோகப் புள்ளியில் மாட்ட வேண்டும்.

மின்சாரக் கார் வாங்கியவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. சக்கரத்தைச் சுழற்றும் பெரிய லித்தியம் பேட்டரி நிறைந்திருந்தாலும், அதைக் காரோடு இணைக்கும் கான்டாக்டர்களை மூடவும் கணினிகளை எழுப்பவும் 12 வோல்ட் வேண்டும். அதற்காகப் பெரும்பாலான மின்சாரக் கார்களில் தனியாக ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, பலவற்றில் அது ஈய பேட்டரியேதான். அது இறங்கினால் 300 கிலோமீட்டர் போகும் சார்ஜ் இருந்தும் கார் அசையாது. பெரிய பேட்டரி சின்னதை அவ்வப்போது தானாக நிரப்புமா என்பது காருக்குக் கார் மாறும். நீண்ட நாள் நிறுத்துவதைப் பற்றிக் கையேடு சொல்வதைக் கட்டாயம் படித்துவிடுங்கள்.

ஒரு மல்டிமீட்டர் வீட்டில் இருந்தால் பேட்டரியின் நிலையை நாமே பார்க்கலாம். வண்டி சில மணிநேரம் ஓய்ந்து நின்ற பிறகு அளக்க வேண்டும். 12.6 என்றால் நிறைவு. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு. 12.4-க்குக் கீழே போனாலே சார்ஜரில் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே படுத்துவிட்ட பேட்டரியை ஜம்ப் ஸ்டார்ட் செய்து ஆல்டர்னேட்டரை நம்பி விட்டுவிடாமல், ஓர் இரவு மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, அரை நாள் ஓய்வு கொடுத்து அளந்து பாருங்கள். 12.4-ஐக் கூடத் தாங்கவில்லை என்றாலோ, ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தாலோ, தகடுகளில் மீட்க முடியாத அளவு போய்விட்டது என்று பொருள்.

அப்படிப் போன பேட்டரியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். வீதியோரப் பட்டறைகளில் உடைத்து உருக்கப்படும் ஈயத்தின் புகையும் தூசியும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் கலந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்கின்றன. 2022-இல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். அந்த ஈயத்தை உருக்கிச் சுத்தம் செய்து மறுபடி தகடாக வார்க்கலாம்.